பித்தப்பைக் கல் என்று சொன்னவள்

அந்தத் தெருவில் டெய்லர் அக்காவிடம் இடுப்பளவைக் குறைத்துச் சொல்லித் தப்பியவர்கள் யாரும் கிடையாது. “முப்பத்தாறு போட்டுக்கோங்க அக்கா” என்று குழைந்துகொண்டு சொல்லும் பெண்ணை, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். “உன் வாய்க்கு முப்பத்தாறு. இடுப்புக்கு நாப்பது. எதுக்குத் தைக்கட்டும்?” என்பாள். காத்திருக்கும் நாலு பேரும் சிரிப்பார்கள். கேட்டவளும் சிரித்துவிட்டுக் கைகளைத் தூக்கிக்கொண்டு அளவெடுக்க நிற்பாள்.

ஊரார் பொய்யையெல்லாம் நாடாவை வைத்துப் பிடித்தவள், தன் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்யைத்தான் பெரிதாகச் சொன்னாள். அதுவும் தனக்காக இல்லை. அந்தப் பொய்யின் கதைதான் இது.

வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் மிஷின், நடுவில் வெட்டும் மேஜை, சுவரில் தைத்து முடித்த கவுன்களும் சட்டைகளும். பின்னால் சமையலறை. மாடியில் ஒற்றை அறை, அது தங்கையுடையது. அம்மா அப்பா இருவரும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு இருபத்தொன்று, தங்கைக்குப் பதினொன்று. அன்றிலிருந்து மிஷின் ஓடிய ஓட்டமெல்லாம் சின்னவளுக்காகத்தான். அக்காவுக்கும் ஒரு கல்யாணம் ஆக வேண்டும் என்று யாரும் நினைவுபடுத்தவில்லை. அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

தங்கையைச் ‘சின்னு’ என்றுதான் கூப்பிடுவாள். பெயரில் மட்டும்தான் சின்னது. முப்பத்தேழு வயதில் நூற்று இருபத்தாறு கிலோ. மழலைப் பள்ளியில் டீச்சர். பிள்ளைகள் அவளைக் ‘குண்டு மிஸ்’ என்று கூப்பிடும். மதியத் தூக்கத்துக்கு அவள் மடியில் இடம் பிடிக்க அடித்துக்கொள்ளும். புருஷன் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. வரும்போதெல்லாம் பெண்டாட்டியைப் பார்த்து, “ஏறுனா கப்பல், இறங்குனா நீ. எனக்கு ரெண்டுமே பெருசாத்தான் அமைஞ்சிருக்கு” என்பார். அவள் செல்லமாக முதுகில் ஒன்று வைப்பாள். ஆனால் மாடிக்குப் போய்க் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் இறங்குவாள். அது அக்காவுக்கு மட்டும் தெரியும்.

ஒருநாள் பள்ளியில் கதை சொல்லத் தரையில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டன. ஆயாக்கள் இரண்டு பேர் வந்து தூக்கினார்கள். பிள்ளைகள் அதை விளையாட்டு என்று நினைத்து, வரிசையாக நின்று அவள் கையைப் பிடித்து, “ஐலசா” போட்டு இழுத்தன. அவளும் சிரித்தாள். வீடு வரை சிரித்துக்கொண்டே வந்தவள், வெட்டும் மேஜையில் யாருடைய பாவாடைத் துணியிலோ முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

“எத்தனையோ பட்டினி கிடந்து பாத்துட்டேன்க்கா. நாலு கிலோ போகும், அஞ்சு கிலோ வரும். சுகர் வேற வந்தாச்சு. ஆபரேஷன் பண்ணிக்கிறேன். நீ மட்டும் வேணாம்னு சொல்லிடாதே.”

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்னுவிடம் அவள் எதற்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்?

ரயிலில் மூன்று மணி நேரம் போனால் பெரிய நகரத்தில் அந்த மருத்துவமனை. சர்ஜன் நிதானமானவர். ஒரு தாளில் இரைப்பையை வரைந்து, முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சட்டைக் கை மாதிரிக் குழாயாகத் தைப்பதாக விளக்கினார். சட்டைக் கை என்றதும் அக்காவுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. நம்ம தொழில்தானே என்று தோன்றிவிட்டது பாவம்.

“இதுல பாதிதான் என் வேலை. மீதி உங்க வேலை” என்றார் சர்ஜன். “கொஞ்சம் கொஞ்சமா, மென்னு சாப்பிடணும். வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. விடாம வாந்தி வந்தா அன்னைக்கே வரணும். அப்புறம் ஒண்ணு, தலைவலின்னு ஒரு டாக்டர்கிட்ட போனாலும் சரி, இந்த ஆபரேஷன் ஆனதை முதல்ல சொல்லிடணும். இதை மறக்கவே கூடாது.”

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அக்கா இரண்டு முறை ஆட்டினாள்.

திரும்பி வரும் ரயிலில் சின்னு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவருக்குத் தெரியவே கூடாது. அவங்க அம்மா ஆபரேஷன் டேபிள்ல போனவங்க. இதைக் கேட்டாருன்னா நடுக்கடல்ல குதிச்சிருவாரு.”

“அப்ப அவர் வந்தப்புறம் கேட்டுட்டு செய்யேன்டி.”

“வேணாம்க்கா. அவர் வந்து இறங்குறப்ப நான் வாசல்ல நிக்கணும். ‘ஏங்க, இந்த வீட்ல ஒரு குண்டுப் பொம்பளை இருந்தாளே, எங்க?’ன்னு அவரே கேக்கணும். நடந்து நடந்து இளைச்சேன்னு சொல்லிக்கிறேன். ஸ்கூலுக்கும் தெருவுக்கும் பித்தப்பைல கல்லுன்னு சொல்லிடலாம். யாருக்கும் உண்மை தெரியக் கூடாது. குண்டுன்னு சொன்ன அதே வாய் அடுத்தது சோம்பேறின்னு சொல்லும். சத்தியம் பண்ணு.”

அக்கா சத்தியம் செய்தாள். அந்த ரயிலை விட்டு அந்த நிமிடமே அவள் இறங்கியிருக்கக் கூடாதா! சத்தியம் செய்த கை இன்றைக்கும் அவளை உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஐந்து சிறு தழும்புகள்; நாலாம் நாள் வீடு. மருத்துவமனையில் கொடுத்த தாள்களை யார் கண்ணிலும் படக் கூடாதென்று, அக்கா துணிப்பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டினாள். முதல் மாதம் கொண்டாட்டமாகப் போனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கடையைச் சாத்திவிட்டுத் தங்கையை நிறுத்தி நாடாவைச் சுற்றுவாள். அளவு நோட்டில் சின்னுவுக்கென்று தனிப் பக்கம். நான்கு வாரத்தில் ஐந்து அங்குலம். கவுன்களையெல்லாம் பிரித்து இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். இந்த வேலையில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கும் என்று இத்தனை வருடத்தில் அவளுக்குத் தெரிந்ததில்லை.

“கல்லு எடுத்தா இப்படி இளைக்கலாமா? எனக்கும் ஒரு கல்லு இருந்தாத் தேவலையே அக்கா” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

“உனக்குக் கல்லு வயித்துல இல்ல, நெஞ்சுல இருக்கு. அதை எடுத்தா நீ செத்துப்போவே” என்று சிரிக்கவைத்து அனுப்பினாள் அக்கா.

ஐந்தாவது வாரத்தில் வாந்தி ஆரம்பித்தது. முதலில் ரொட்டி, அப்புறம் முட்டை, அப்புறம் வெறும் சூப். வைட்டமின் மாத்திரையின் வாசனையே குமட்டுகிறது என்று அதையும் ஒதுக்கிவைத்தாள் சின்னு.

“நகரத்துக்கு ஒரு எட்டுப் போய்க் காட்டிட்டு வந்துடலாம்டி.”

“ஆரம்பத்துல எல்லாருக்கும் இப்படித்தானாம்க்கா. ஸ்கூல்ல ஆண்டு விழா வேற. திரும்பவும் லீவு கேட்டா, கல்லு எடுத்தவளுக்கு என்ன இத்தனை லீவுன்னு கேப்பாங்க. விழா முடியட்டும்.”

அக்காவுக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனால் சனிக்கிழமை வந்தது, நாடாவைச் சுற்றினாள், ஒரே வாரத்தில் இரண்டு அங்குலம். நாடா பொய் சொல்லாது என்று நம்பியே வயிறு வளர்த்தவள் அவள். உடம்பு இளைக்கிறது, ஆபரேஷன் பலிக்கிறது, வாந்தி தானாக நிற்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சாப்பிடாமல் கரைகிற உடம்பையும் குணமாகி இளைக்கிற உடம்பையும் நாடா பிரித்துச் சொல்லாது என்பது அந்தக் கைதேர்ந்த தையல்காரிக்கு உறைக்கவில்லை.

ஒன்பதாம் வாரம் சின்னு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். காலை அகட்டி வைத்து, ஆடி ஆடி.

“கப்பல்காரர் பொண்டாட்டின்னு நடையும் கப்பல் நடையாயிடுச்சா?” என்று கேலி செய்தாள் அக்கா.

சின்னுவும் சிரித்தாள். “ரெஜிஸ்டர்ல பேரெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுக்கா. முப்பது பிள்ளைங்க அறுபது ஆயிடுச்சு” என்றாள்.

சிரித்தார்களே, இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்களே! 

பத்தாம் வாரத்தில் ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பியவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு உலர்ந்து, கண் செருகி. அக்கா அவளைத் தாங்கிப் பிடித்துத் தெருமுனை கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். ஒரே அறை, நோயாளிக்கும் காத்திருப்பவர்களுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரைதான். திரைக்கு இந்தப் பக்கம் டாக்டரம்மா. அந்தப் பக்கம், பெஞ்சில், இருமிக்கொண்டு பள்ளித் தலைமை ஆசிரியை.

டாக்டரம்மா நாடி பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள். “எத்தனை நாளா வாந்தி?”

“ஒரு வாரம்” என்றாள் சின்னு முனகலாக. ஐந்து வாரம் என்று அக்கா திருத்தவில்லை.

“இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஏதாவது ஆயிருக்கா?”

அக்கா வாயைத் திறந்தாள். திரைக்கு அப்பால் இருமல் நின்றது. சின்னுவின் விரல்கள் அக்காவின் மணிக்கட்டை இறுக்கின. அந்த விரல்களில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ! பதினொரு வயதில், அம்மாவைக் கொண்டுபோன அன்று, இதே கை இதே இடத்தைத்தான் பிடித்தது. பிடித்த கையை அக்கா அன்றும் உதறவில்லை.

“பித்தப்பைல கல்லு, டாக்டர்” என்றாள். “எடுத்தாச்சு.”

நாலு வார்த்தை. அவ்வளவுதான்.

டாக்டரம்மாவுக்கு வேறு என்ன தெரியும்? உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, தெம்பு இல்லை என்று குளுக்கோஸ் ஏற்றினாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது முகம் கொஞ்சம் தெளிந்தாற்போலக்கூட இருந்தது. “பாத்தியா, ஒண்ணுமில்ல” என்று அக்கா தலையைக் கோதிவிட்டாள்.

மறுநாள் காலை டம்ளரோடு மாடியேறிப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த சின்னுவின் கண்மணிகள் இரண்டும் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன, ஓடுகிற ரயிலிலிருந்து வெளியே பார்க்கிறவளைப் போல.

“சின்னு! என்னடி இது?”

சின்னு அவளை அன்பாகப் பார்த்துச் சிரித்தாள். “அம்மா, அக்கா இன்னும் தைச்சிட்டே இருக்காளா?” என்றாள்.

டம்ளர் படியில் உருண்டு ஓடியது.

ஆம்புலன்ஸில் உள்ளூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வாசலில் நர்ஸ் பேனாவைத் திறந்து அதே கேள்வியைக் கேட்டாள். பத்து வாரமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு அதே பதிலைச் சொன்னது. ஐயோ, அப்போதுமா என்று கேட்பீர்கள். அவளும்தான் தன்னைக் கேட்டுக்கொள்கிறாள். இரண்டு மணி நேரம் என்னென்னவோ பரிசோதனை. அப்புறம் ஒரு வயதான டாக்டர் வந்து வயிற்றுத் துணியை விலக்கிப் பார்த்தார். தழும்புகளை எண்ணினார். தொங்கிய தோலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“அம்மா, எவ்வளவு எடை குறைஞ்சிருக்காங்க?”

“பதினொரு இன்ச்சு” என்றாள் அக்கா. அவளுக்கு அந்தக் கணக்குத்தான் தெரியும்.

“எத்தனை நாள்ல?”

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். “கல்லு இல்ல சார். பொய் சார். இரைப்பைய வெட்டித் தைச்சாங்க. அஞ்சு வாரமா வாந்தி, மாத்திரையும் முழுங்கல. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன் சார்.”

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நர்ஸைக் கூப்பிட்டு ஒரு ஊசியின் பெயரைச் சொல்லி, “இப்பவே, உடனே” என்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்குச் சமமாக உட்கார்ந்தார்.

“பி ஒன்னுன்னு ஒரு வைட்டமின் அம்மா. உடம்புல அதைச் சேத்துவைக்க இடம் கிடையாது. தினமும் உள்ள போகணும். அஞ்சு வாரமா வாந்தி, மாத்திரையும் இல்லன்னா அது தீர்ந்துபோகும். தீர்ந்தா மூளை தவிக்கும். சர்க்கரைய எரிக்கவும் அதே வைட்டமின்தான் வேணும். நேத்து ஏத்துன குளுக்கோஸ், மிச்சமிருந்த கொஞ்சத்தையும் இழுத்துக்கிச்சு. ஆபரேஷன் விஷயம் தெரிஞ்சிருந்தா முதல்ல இந்த ஊசியப் போட்டுட்டுத்தான் குளுக்கோஸ் குடுத்திருப்பாங்க.”

“அப்ப ஆபரேஷனே தப்பா சார்?”

“இதைப் பண்ணிக்கிட்டு நல்லா இருக்கிறவங்க நிறையப் பேர். அவங்களுக்கும் சிக்கல் வரும். ஆனா வந்ததைச் சொல்லிடுவாங்க.”



உயிர் தங்கியது. நாலைந்து நாளில் கண்மணிகள் அடங்கின. ஒரு மாதத்தில் நாலு கால் வாக்கரை ஊன்றி நடந்தாள். ஆனால் போனது ஒன்று திரும்பவில்லை. இன்று காலையில் நடந்தது மதியத்தில் அவளிடம் இருக்காது. கடைசிச் சில மாதங்கள் அவள் மனசிலிருந்து துடைத்தெடுத்தாற்போல ஆகிவிட்டன. ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்று நினைத்தது நினைவிருக்கிறது, செய்துகொண்டது இல்லை.

கண்ணாடியைக் கடக்கும்போது நின்றுவிடுவாள். “அக்கா! நான் இளைச்சிட்டேன்க்கா!” என்று கூவுவாள். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்! கொஞ்ச நேரத்தில் மறந்துபோவாள். மறுபடி கண்ணாடி, மறுபடி சந்தோஷம். ஒரு நாளைக்கு மூன்று முறை, நாலு முறை. அவள் பிறந்ததிலிருந்து ஆசைப்பட்ட அந்த ஒரு சந்தோஷம் அப்படித் தவணை முறையில் அவளுக்குக் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் அக்கா, “ஆமாடி, அழகா இருக்கே” என்பாள். சொல்லிவிட்டு மிஷினை வேகமாக ஓட்டுவாள்.

பள்ளியிலிருந்து தலைமை ஆசிரியை வந்தாள். எதிர்வீட்டுக்காரி வந்தாள். எல்லோரிடமும் அக்கா உண்மையைச் சொன்னாள், கேட்காதவர்களிடமும். ஒருத்திகூடச் சோம்பேறி என்று சொல்லவில்லை. எதிர்வீட்டுக்காரி அழுதாள். “என் நாத்தனார்கூட இதே ஆபரேஷன் பண்ணியிருக்காக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்த வாந்தி ஆகாதுன்னு நானே சொல்லியிருப்பேனே” என்றாள். அந்த வார்த்தையையும் அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள்.

கப்பலுக்கும் போனில் சொன்னாள். மறுமுனையில் காற்றுச் சத்தத்துக்கு நடுவில் “வரேன்க்கா” என்று ஒரு சொல். அவரால் இறங்க முடிந்த அடுத்த துறைமுகம் ஆறு வாரத் தூரத்தில் இருந்தது.

அவர் வந்தது ஒரு முற்பகல். பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்தார். ஜன்னலோர நாற்காலியில் சின்னு உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவரை அவள் மறக்கவில்லை.

“வந்துட்டீங்களா? என்ன, இப்படிக் கறுத்துப்போயிட்டீங்க?”

“வெயில்மா” என்றார்.  அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். உள்ளே வர முகமில்லை.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோவப்படக் கூடாது” என்றாள் சின்னு.

“கேளு.”

“வயித்தைச் சின்னதாக்குற ஆபரேஷன் ஒண்ணு இருக்காம். பண்ணிக்கலாம்னு இருக்கேன். உங்க அம்மா நினைப்பு வந்து பயந்துடுவீங்கன்னுதான் இத்தனை நாளா சொல்லல.”

 அக்கா கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“பண்ணிக்கலாம்மா” என்றார் அவர். “நான் லீவு போட்டுட்டுக் கூடவே இருக்கேன். மாத்திரையெல்லாம் நானே எடுத்துத் தரேன்.”

“நிஜமாவா? கோவமில்லையே?”

“உனக்கு முழங்கால் வலிக்கிறது எனக்குத் தெரியாதா? என் மேலதான் எனக்குக் கோவம்.”

சின்னு அவர் தலையில் கை வைத்துக்கொண்டு, அப்படியே கண்ணயர்ந்தாள். அவர் மெல்ல எழுந்து சமையலறைக்கு வந்தார். அக்கா கையெடுத்துக் கும்பிடப் போனாள், அவர் தடுத்தார்.

“தம்பி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. முன்னாடியே கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பீங்களா?”

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். “உடனே சொல்லியிருக்க மாட்டேன்க்கா. சண்டை போட்டிருப்பேன். ரெண்டு வாரம் போன் பண்ணாம இருந்திருப்பேன். அப்புறம் சரின்னுருப்பேன்.”

அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். “கப்பல்ல எனக்கு சமையல் மட்டும் வேலையில்லக்கா. யாரு தட்டு சாப்பாட்டோட திரும்பி வருதுன்னு பாக்கணும். மூணு வேளை ஒருத்தன் தட்டு அப்படியே வந்தா, நாலாவது வேளை நான் கேப்டன்கிட்ட போய்ச் சொல்லிடணும். கடல்ல ஒருத்தன் சாப்பிடாம இருந்தா, பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்காதுல்ல. இருபது வருஷமா எத்தனையோ பேர் தட்டைப் பாத்திருக்கேன்.”

  அக்காவைக் குற்றம் சாட்ட அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனாலேயே அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளைக் குற்றம் சாட்டியது. ஐந்து வாரம் அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தவள் அவள்தானே.

முன்னறையிலிருந்து குரல் கேட்டது. விழித்துக்கொண்டுவிட்டாள்.

“அக்கா! அவரு எப்பக்கா வருவாரு? ஒரு விஷயம் கேக்கணும் அவருகிட்ட.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் சட்டைக் கையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். பின்கதவு வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றி வாசலுக்கு வந்து, அங்கே கிடந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அப்போதுதான் வந்தவரைப் போல உள்ளே நுழைந்தார்.

“வந்துட்டீங்களா? என்ன, இப்படிக் கறுத்துப்போயிட்டீங்க?”